கியர் ஆயிலில் வந்த கந்தக வாசம்

புது கியர் ஆயிலுக்கு ஒரு கந்தக வாசம் உண்டு. டப்பாவைத் திறந்ததுமே மூக்கில் ஏறும். எனக்கு அது புது வாசமில்லை... அம்மா பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்து முந்தானையை உதறும்போது வருகிற வாசம்தான்.

அப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்தில் லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்தேன். சம்பளத்தைச் சேர்த்து செகண்ட் ஹேண்டில் ஒரு டர்போ செடான் வாங்கியிருந்தேன். வாயே திறக்காத பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு வேகமான கார் என்று தெருவுக்கே சந்தேகம்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஆட்டோகிராஸ் என்று ஒரு கார் போட்டி நடக்கும். மண் தளத்தில், கூம்புகளை நட்டு, ஒவ்வொரு காராக விடுவார்கள். நான் போய் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. வருஷம் முழுக்க வெடிமருந்தோடு வேலை பார்க்கிறவளுக்கு இன்னொரு பயம் எதற்கு என்று விட்டுவிட்டேன். தெரிந்தால் போகவே விடமாட்டாள் என்பதும் உண்மை.

என் காரில் ஒரு குறை. வளைவில் வேகம் கொடுத்தால் உள்பக்கச் சக்கரம் பிடிமானம் விட்டுச் சும்மா சுற்றும். இஞ்சினின் பலமெல்லாம் அதோடு வீண். லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் மாட்டினால் அதற்குள் இருக்கும் தட்டுகள் இறுகி, அடுத்த சக்கரத்தையும் இழுக்க வைக்கும். விருதுநகர் ரோட்டில் பட்டறை வைத்திருந்த காசிம் அண்ணன்தான் கியர்பாக்ஸை இறக்கி மாட்டிக்கொடுத்தார்.

"புதுத் தட்டு, தங்கச்சி. ஒண்ணோடொண்ணு உரசிப் பழகணும். மெதுவா எட்டுப் போடுங்க. பெறகு ஆயில மாத்திட்டு எம்புட்டு வேகம்னாலும் போங்க."

ஞாயிற்றுக்கிழமை போட்டி. எட்டுப் போட இடம்?

தீபாவளி முடிந்து கம்பெனிகளெல்லாம் லீவு. விஸ்வநத்தம் போகிற வழியில் லாரி ஷெட் மைதானம்... சீசனில் கால் வைக்க இடமிருக்காது, அன்று காலியாகக் கிடந்தது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அம்மாவைப் பொறுத்தவரை கார் இன்னும் பட்டறையில்தான் இருந்தது.

காசிம் அண்ணன் ஓரமாக நிற்க, நான் ஓட்ட ஆரம்பித்தேன். இறுக்கித் திருப்பும்போதெல்லாம் அடியில் டக்... டக்... என்று சத்தம். "அப்படித்தான் கேக்கும், ஓட்டுங்க!" என்றார்.

கொஞ்ச நேரத்தில் பானட் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை. மாட்டும்போது சைலன்சர் குழாய் மேல் சிந்திய ஆயில், சூடு ஏறியதும் புகைந்திருக்கிறது. நான் நிறுத்துவதற்குள் புகை காரையே மூடி, சுற்றிலும் பரவிவிட்டது.

எங்கள் ஊரில் புகையோடு கந்தக வாசம் வந்தால் யாரும் கியர் ஆயிலை நினைக்க மாட்டார்கள்.

"மருந்து லோடு! காருக்குள்ள மருந்து லோடு!"

எங்கள் ஊரில் மருந்து என்றால் வெடிமருந்து. அந்த வார்த்தையைக் கேட்டால் எதிர்ப்பக்கம்தான் ஓட வேண்டும். ஆனால் அடுத்த குரல், "உள்ள ஆளு இருக்கு!"

அவ்வளவுதான். தெருவே என்னைப் பார்த்து ஓடி வந்தது. ஷெட் சுவரில் தொங்கிய சிவப்பு மணல் வாளிகளைக் கழற்றிக்கொண்டு ஆண்களும் பெண்களும்.

"தண்ணி ஊத்தாதீக! மணலப் போடுங்க, மணல!"

அம்மாவின் குரல். முதல் வாளி மணல் அவள் கொட்டியதுதான். காசிம் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, இஞ்சின்ல போடாதீக" என்று கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. அம்மா கதவைப் பிடுங்குகிற மாதிரி திறந்தாள்.

உள்ளே நான்.

அவள் திட்டவில்லை. "கையக் காட்டு" என்றாள். இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தீக்காயம் இல்லை என்று ஆன பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

விஷயம் தெரிந்ததும் பக்கத்து வீட்டு மாரியக்கா, "நாங்க உசுரக் கையில புடிச்சிட்டு ஓடியாரோம், இவ கார்ல கோலம் போட்டுக்கிட்டு இருக்கா!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"ஏட்டி, எதுக்கு இதெல்லாம்?"

மறைக்க முடியவில்லை. சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, கோயம்புத்தூர், எல்லாம்.

"அங்கன தீப்புடிச்சா?"

"பக்கத்துலயே ஆளுக நிப்பாகம்மா."

"ஆளுன்னா... ஓடி வார ஆளா, வேடிக்க பாக்குற ஆளா?"

போட்டி போச்சு என்றே நினைத்தேன்.

அம்மா காலி வாளியைக் கீழே வைத்தாள். "ஞாயித்துக்கெழம நானும் வாரேன்" என்றாள். பிறகு காசிம் அண்ணனிடம், "தம்பி, மணலத் தட்டிவிடுங்க. இவ எட்டுப் போட்டு முடிக்கட்டும்."

இரண்டு சிவப்பு வாளிகளைத் தள்ளித் தள்ளி வைத்தாள். அவற்றைச் சுற்றித்தான் மிச்ச எட்டுகளைப் போட்டேன். தெருவே நின்று பார்த்தது. போகப் போக அந்த டக் டக் அடங்கிக்கொண்டே வந்தது.

போட்டியில் நான் எந்த இடம் என்பது இப்போது நினைவில்லை. அந்தக் கடைசி வளைவு நினைவிருக்கிறது. வழக்கமாகத் திணறும் கார், மூக்கை உள்ளே திருப்பி இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. வேலி ஓரம், தீயணைப்பு சிலிண்டர் வைத்திருந்தவர்களுக்குப் பக்கத்தில் அம்மா. இறங்கியதும் அவள் கேட்டது, "ரெண்டு சக்கரமும் இழுத்துச்சா?"

இப்போது சென்னையில் அபார்ட்மென்ட் வாசம். அந்தக் காரை விற்றாகிவிட்டது. இப்போதைய காரில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. நல்ல வாழ்க்கைதான், குறையில்லை.

போன மாதம் பேஸ்மென்ட்டில் யாரோ ஒருவருடைய காரிலிருந்து புகை. லிஃப்டுக்குக் காத்திருக்கத் தோன்றவில்லை, படியில் இறங்கி ஓடினேன். சுவரிலிருந்த சிலிண்டரை எடுத்து அடித்து அணைத்த பிறகு, மூச்சு வாங்க நின்றேன். வாட்ச்மேன் வந்து மரியாதையாகக் கேட்டார்...

"உங்க வண்டியா மேடம்?"

இல்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. அன்றைக்கு மைதானத்துக்கு ஓடி வந்த அத்தனை பேரில், அது யாருடைய வண்டி என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை.