அட்டைக்குப் பிறந்த பத்துப் பெண்கள்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஆறு, தங்கியது ஐந்து. செத்துப்போன தங்கச்சியின் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் திருகோணமலையில் ஒரு காலம் கர்ப்பிணிகள் கையில் கொண்டு திரிந்த கிளினிக் அட்டை என் வாயிலிருந்து வந்ததுதான். அதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சிறிய அச்சகத்தில் தாள் மடித்து, ஊசி நூலால் கொப்பி கட்டுகிற வேலை எனக்கு. தளத்து வேலைகள் நின்றதால் ஓடர் குறைந்துவிட்டது. கிளினிக் அட்டை அச்சடிக்கிற ஓடர் கைக்கு வராவிட்டால் கட்டுகிற பகுதியை மூடவேண்டி வரும் என்று முதலாளி சொல்லிவிட்டார். கட்டுகிற பகுதி என்றால் நான்தான். வேறு ஆள் இல்லை.

கிளினிக்காரர் எங்களிடமும் இன்னொரு அச்சகத்திடமும் மாதிரி கேட்டிருந்தார்கள். மருத்துவிச்சி மிஸ்ஸி வந்து பார்த்துத் தெரிவு செய்வார். எங்கள் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோர்ப்பவர் நல்ல கைகாரர். சுற்றிவரப் பூவேலைக் கரை வைத்து, அட்டையை நிரப்பியும் காட்டினார்: மூன்றெழுத்தில் ஒரு பெயர், வயது இருபது, ஒரு பிள்ளை, விலாசம் ஒரு வரி. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. நான் விரல் வைத்து வாசித்துவிட்டு, "இவ எங்க இருக்கிறா?" என்று கேட்டேன்.

"ஒரு இடத்திலயும் இல்லை, அக்கா. சும்மா இடத்தை நிரப்பப் போட்டது."

"அப்ப என்னைப் போட்டுப் பாருங்கோ."

பிள்ளைகளுக்கு நான்கே வரி. என்னுடைய ஏழும் அதில் நிற்க ஏலாது. இறந்துபோனதைக் குறிக்க இடமே இல்லை. அவர் சிரித்தார். அச்சுக்கு நான் வழி சொல்லுவதென்றால், இனி அவர் வீட்டுக்குப் போய்ச் சமைக்கலாமாம். முதலாளி சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, இன்னும் ஆட்களைச் சொல்லச் சொன்னார்.

உள்ள ஆட்களைச் சொன்னால் வீட்டுக் கதை வீதிக்கு வந்துவிடும். ஆகையால் இல்லாத ஆட்களைச் சொன்னேன். கொப்பி கட்டிக்கொண்டே ஒரு பகல் முழுக்க யோசித்தேன். திரியாயில் ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளை. இன்னொருத்திக்குப் பிறந்த திகதி தெரியாது, வளவில் கிணறு வெட்டின வருஷம் பிறந்தவள். வெருகல் பக்கத்தில் ஒருத்தி, மீன் படுகிற பக்கம் பார்த்துப் புருஷனோடு கரை மாறி வாடிக் குடிசை போடுகிறவள். அவளுக்கு இரண்டு விலாசம். குறிஞ்சாக்கேணியில் ஒருத்திக்குத் தகப்பன் பெயரும் சேர்ந்து கட்டத்தைத் தாண்டும் பெயர். மாரி மழையில் தோணி ஓடாததால் அவள் ஒரு மாதம் கிளினிக்குக்கு வரவில்லை. அந்த மாதக் கட்டம் வெறுமை. இப்படிப் பத்துப் பேர். ஒவ்வொருத்தியும் ஏதோ ஒரு கட்டத்தை உடைத்தாள். பூவேலைக் கரை போனது. பிள்ளைகளுக்குப் பத்து வரி வந்தது. எழுத்துக் கோர்ப்பவர் முணுமுணுத்துக்கொண்டே மூன்று தரம் பிரித்துக் கோர்த்தார்.

மிஸ்ஸி வந்தார். மற்ற அச்சகத்தின் மாதிரி அவர் கைப்பையில் இருந்தது. பத்துப் பேரையும் நிரப்பி வைத்த எங்கள் அட்டைகளைப் புரட்டிக்கொண்டு வந்தவர் குறிஞ்சாக்கேணிக்காரியிடம் நின்றார். முகம் கறுத்துப்போனது.

"இந்தப் பிள்ளை ஏன் ஒரு மாசம் வரேல்லை? இது என்ர பகுதி. எனக்கு ஒருதரும் சொல்லேல்லையே."

முதலாளி எழுத்துக் கோர்ப்பவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார்.

"அப்பிடி ஒரு பிள்ளை இல்லை, மிஸ்ஸி," என்றேன். "இந்தப் பத்தையும் நான்தான் பெத்தனான்."

மிஸ்ஸி கதிரையில் அமர்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கைப்பையிலிருந்த மாதிரியை வெளியே எடுக்கவே இல்லை. வராத காரணத்தை எழுத ஒரு வரி மட்டும் கூட்டச் சொல்லிவிட்டு ஓடரைத் தந்தார்.

நானாக வேலையை விடும்வரை கட்டுகிற பகுதி மூடப்படவில்லை. அட்டை ஓடர் வந்த மறுநாள் காலையில் எழுத்துக் கோர்ப்பவர் மீன்பிடிச் சங்கத்துப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "அக்கா, இதுக்கும் ஆக்களைத் தாங்கோ," என்றார்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் பேத்தி.

பிள்ளை, எழுதினதை இப்ப திருப்பி வாசி, கேப்பம். தொடக்கத்தில, வளர்த்தது ஏழு எண்டு போட்டியோ?