போத்தல் கட்டிய சாமான் கோச்சி

கண்டாவளை வீரகத்தி, வைத்திலிங்கத்தின் ஆறு பிள்ளைகளில் ஐந்தாவது. தாய் ஒட்டுசுட்டான் ஊர்க்காரி. தாய்வழி ஆண்கள் எல்லோருக்கும் காது மந்தம். அவர்கள் காதில் விழாததெல்லாம் சேர்ந்து இவன் ஒருவனுக்கே வந்துவிட்டது போலும். அடுத்த வயலில் லொறி இருமினால், எந்த நட்டு இளகிக் கிடக்கிறது என்று இங்கிருந்தே சொல்லுவான். சண்டைக்காலத் தடையால் டீசலும் பெற்றோலும் வன்னிக்குள் வராத பன்னிரண்டு வருஷமும் ஊர் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டியவன் அவன்தான்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த அடுத்த வருஷம், நாற்பத்தைந்து வயதில், வவுனியாவுக்கு வந்து அக்கா அமராவதி வீட்டில் தங்கிக்கொண்டு ஒரு லொறிக் கராச்சில் வேலைக்குச் சேர்ந்தான். அக்கா வீட்டில் சோற்றில் குறையில்லை. குறையெல்லாம் அக்காவின் புருஷன் ராசு. ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் வேலையை முப்பது வருஷம் பார்த்து ஓய்ந்தவர். இவன் இஞ்சின் கதை தொடங்கினால் போதும்.

"உன்ர உழவு மிசின், லொறி எல்லாம் ஆட்டுக்குட்டியள். கோச்சிதான்ரா இஞ்சின்!"

கராச்சுக்குப் பக்கத்துக் கடை றஸ்மியுடையது. படம் எடுத்தல், கடிதம் அடித்தல், கொம்பியூட்டர் திருத்தல். றஸ்மி முல்லைத்தீவு மீராசாகிபுவின் இரண்டாவது மகன்; இரண்டு பிள்ளைகளின் தகப்பன். மீராசாகிபுவின் மீன் லொறியை அந்தக் காலத்தில் திருத்தியவன் வீரகத்தி. அவர்கள் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து திரும்பியும் அந்த உறவு விட்டுப்போகவில்லை.

ஒருநாள் வீரகத்தி கடைக்குள் எட்டிப் பார்த்தான். கொம்பியூட்டர் திரையில் சக்கரம் வைத்த ஒரு நீளப் பெட்டி.

"தம்பி, சவப்பெட்டிக்கு ஏன் சில்லுப் பூட்டி வைச்சிருக்கிறாய்?"

"அண்ணை, இது டீசல் இஞ்சின். சாமான் கோச்சி இழுக்கிறது."

வெளிநாட்டில் ஒரு கூட்டம் கொம்பியூட்டருக்குள் மலையும் தண்டவாளமும் போட்டுக் கோச்சி ஓட்டி விளையாடுகிறதாம். உலகத்தில் எங்குமே இல்லாத ஓர் இஞ்சினை யாரும் கொம்பியூட்டரில் வரைந்து அனுப்பலாம். நாற்பது பெட்டியை மலை ஏற்றினால் சேர்த்துக்கொள்வார்கள். மூன்று தரம்தான் அனுப்பலாம். றஸ்மியினது இரண்டு தரம் வழுக்கிவிட்டது.

"இந்த மூஞ்சிக்குள்ள இஞ்சினை எங்க வைச்சனி?"

"வைக்கேல்ல அண்ணை. வெளியில மட்டும்தான் கீறினனான்."

"பிறகு என்னெண்டடா ஏறும்?"

அன்றிலிருந்து மூன்று மாதம், வேலை முடிந்ததும் வீரகத்தி அந்தக் கடையில்தான். பாரம் எந்தச் சில்லில் இறங்க வேண்டும், இஞ்சின் மூடி எவ்வளவு நீளம், காற்றாடி எங்கே என்று அவன் சொல்லச் சொல்ல றஸ்மி கீறினான். இஞ்சின் சத்தம் வேண்டும் என்று றஸ்மி கேட்டபோது வீரகத்தி மைக்கை வாங்கி, கன்னத்தை ஊதி, வாயாலேயே இஞ்சினை இழுத்துக் காட்டினான். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்து குந்தியிருந்த பெரியவர் எழும்பிப் போய்விட்டார்.

செய்தி ராசுவுக்கு எட்டியது.

"மச்சான், கோச்சி செய்யிறியாம்? மலை ஏறினா நீ மனிசன். ஏறாட்டி இனி என்ர வீட்டில இஞ்சின் எண்டு வாய் திறக்கப்படாது."

"சரி அத்தான்," என்றுவிட்டான் வீரகத்தி. இஞ்சினை விட்டால் அவனுக்குப் பேச வேறு கதை கிடையாது என்பது அமராவதிக்குத்தான் தெரியும்.

மூன்றாம் தரமும் அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் பதில் வந்தது. றஸ்மி வாசித்துச் சொன்னான்.

"ரெண்டு நாளா முயற்சி செய்தவையாம். இஞ்சின் ஸ்டாட் ஆகேல்லையாம். அண்ணை, அந்தப் போத்தல்!"

கதவோரம் ஒரு சின்னப் போத்தல், அதிலிருந்து ஒரு குழாய்; அதால் இரண்டு சொட்டு விட்டால்தான் இஞ்சின் பிடிக்கவேண்டும் என்று வீரகத்தி சொல்லியிருந்தான். மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார்சைக்கிளை எல்லாம் வன்னியில் அப்படித்தான் எழுப்பினார்கள், ஒளித்து வைத்த துளிப் பெற்றோலை விட்டு. புத்தளத்தில் இருந்த றஸ்மிக்கு அது தெரியாது. எல்லா இஞ்சினுக்கும் உள்ள உறுப்பு என்று நினைத்துச் செய்துவிட்டான்.

வீரகத்தி தலையில் கை வைத்தான். "டீசலுக்கு ஆரடா போத்தல் கட்டினது? நான்தான். டீசலுக்கு அது தேவையில்லையெண்டு எனக்குத் தெரியாததே? கை தன்ர பாட்டில கட்டிப்போட்டுது."

"கோச்சிக்குப் பால் போத்தல்!" என்று ராசு சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்தன. மூன்று நாள் வீரகத்தி வாய் திறக்காமல் தின்றான்.

"செத்தவீடு மாதிரிக் கிடக்குது," என்றாள் அமராவதி. "டேய், இங்கதானே கதைக்கப்படாது? அந்த வெள்ளைக்காரரோட கதையன்."

வீரகத்தி சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினான். அவன் சொல்ல றஸ்மி இங்கிலீசில் அடித்தான்: "ஐயாமாரே, பிழை என்னுடையது, இஞ்சினுடையது அல்ல. எங்களுக்குப் பன்னிரண்டு வருஷம் டீசலும் பெற்றோலும் இல்லை. இறங்கிப் போத்தலை எடுங்கள். இரண்டு சொட்டு விடுங்கள். மூன்றாவது விட்டால் கோபிக்கும். பிறகு ஏறிப் பாருங்கள்."

ஒரு கிழமையால் பதில் வந்தது. நாற்பது பெட்டியும் ஏறிவிட்டது. இன்னும் பத்தைக் கொழுவினார்கள், அதுவும் ஏறியது. சேர்த்துக்கொண்டார்கள். போத்தலை மட்டும் கழற்ற வேண்டாமாம். அதை எடுத்துச் சொட்டு விடுவது யார் என்று அங்கே சண்டையாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ராசு வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். கதிரையில் இருந்துகொண்டு எல்லாப் பொத்தானையும் அமத்தினார். இஞ்சின் அசையவில்லை.

"என்னடா இது? சொல்லன்."

வீரகத்தி கூரையைப் பார்த்தான். "இஞ்சின் கதை எனக்குத் தடையெல்லோ, அத்தான்."

"அது ஏறாட்டித்தானே!"

"அப்ப ஏறினதோ, ஏறேல்லையோ? அதை நீங்கள் சொல்லுங்கோ."

ராசு றஸ்மியைப் பார்த்தார். றஸ்மி விசைப்பலகையைத் துடைத்தான்.

"ஏறிட்டுதடா!"

வீரகத்தி ஒரு வாங்கை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தான். தொடங்கிய கதை மத்தியானம் தாண்டியும் முடியவில்லை.