வசந்தமலரின் நாற்பது கொடிகள்

உரும்பிராயில் தகப்பனின் முந்திரிகைத் தோட்டத்தைப் பத்து வருடம் தனியாளாகப் பார்த்தவள் வசந்தமலர். திராட்சையை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வோம். கொடியைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. எடுத்துப் பாருங்கள், தெரியும்! சண்டைக்குத் தப்பி நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து, ஏவன்டேலில் வாடகை வீடு பிடித்ததும் அவளுக்குக் கிடைத்த வேலையும் கொடி வேலைதான். குமியூவில் டிராகோ குடும்பத்தின் பன்னிரண்டு ஏக்கர் வைன் தோட்டம். டிராகோ, மனைவி லூட்சே, தம்பி ஆன்டே, அவ்வளவுதான் வீட்டு ஆட்கள். குரோஷியாவிலிருந்து வந்த பாட்டன் தொடங்கிய தோட்டம்.

ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் ஊர்க்காரர் இரத்தினசிங்கத்தார் கத்தரிக்காய் பொறுக்கியபடி கேட்பார்: "என்ன பிள்ளை, சாராயக் கொம்பனி எப்பிடிப் போகுது?"

வைனை ஒரு சொட்டுக்கூட வாயில் வைக்காதவள் வசந்தமலர். "நான் கொடிக்குத்தான் வேலை செய்யிறன் அண்ணை, போத்திலுக்கு இல்லை" என்பாள்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அறுவடை முடிந்து ஏப்ரலில் அக்கம்பக்கத்தார் எல்லோரையும் கூப்பிட்டுக் கொட்டகையில் விருந்து வைப்பார்கள். ஆப்பிள் தோட்டக்காரர், கராஜ்காரர், தபால் கந்தோர்ப் பெண், ஒருவரும் தப்பமாட்டார்கள். அங்கே ஊற்றும் முதல் கிளாஸ், வரும் குளிர்காலத்தில் கொடி வெட்டும் கவாத்துக் கத்தரியைப் பிடிக்கப்போகிறவருக்கு. வருடா வருடம் அது ஆன்டேக்குத்தான் போகும். வசந்தமலருக்கு அந்தக் கிளாஸில் இருந்தது வேண்டாம், அந்தக் கத்தரிதான் வேண்டும். வாய் திறந்து கேட்பாளா? கேட்கமாட்டாள். அவ்வளவு ரோசம்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு விருந்து முடிந்த அடுத்த சனிக்கிழமை, டிராகோ வீட்டார் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். பழக்கூடைகளைக் கழுவச் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்குள் கழுவி முடித்துவிட்டாள். கத்தரி சுவரில் தொங்கியது. கை சும்மா இருக்குமா? ஊரில் பழம் பிடுங்கியதும் இலையை உருவிக் கவாத்து வெட்டினால், நாலு மாதத்தில் மறுபடி காய் வரும். டிராகோவுக்கு இன்னொரு அறுவடையைக் காட்டி அசத்தவேண்டும் என்று ஒரு வரிசை முழுவதையும், நாற்பது கொடிகளையும், வெட்டி மொட்டையாக்கினாள்.

பாவி மனுசி, இந்த நாட்டில் ஜூன் என்றால் குளிர்காலம் என்பதை மறந்துபோனாள்.

திங்கட்கிழமை டிராகோ வரிசையைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "குளிர்காலத்துக்குக் கொடி உணவு சேர்ப்பதே இந்த இலையால்தான்! இப்போது துளிர்விடும். ஜூனில் பனி வந்து எல்லாவற்றையும் கருக்கும். செப்டம்பரில் துளிர் காலம் வந்தும் இது உயிரோடு இல்லையென்றால் வேரோடு பிடுங்குவேன். நீ இனிக் கத்தரியைத் தொடாதே. போய்ப் போத்தில் கழுவு."

போத்தில்! கொடிக்குத்தான் வேலை என்று இனி இரத்தினசிங்கத்தாரிடம் எப்படிச் சொல்வது?

"இஞ்சேரும், ஒருக்கா மன்னிப்புக் கேட்டால் குறைஞ்சே போயிடுவீர்?" என்றார் அன்றிரவு கணவர் ஏரம்பமூர்த்தி.

"அது எப்பவோ கேட்டாச்சு. என்ர நாற்பது கொடியும் சாகப்போகுதப்பா. அதை ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?" என்று குசினி அடுப்படியிலேயே நின்று அழுதாள்.

டிராகோ சொன்னபடியே நடந்தது. மே மாதம் பச்சைத் துளிர் வந்தது, ஜூன் பனி கருக்கியது. ஜூலையில் ஆன்டே இடுப்பைப் பிடித்துக்கொண்டு மற்ற வரிசைகளை எல்லாம் வெட்டினார், அவளுடைய வரிசைப் பக்கம் யாரும் போகவில்லை. அவள் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் புல் பிடுங்கினாள், மண்ணைக் கிளறினாள். புல் பிடுங்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே!

செப்டம்பர் முடிந்தது. மற்ற வரிசைகள் எல்லாம் பச்சை. இது மட்டும் விறகு. டிராகோ மண்வெட்டியோடு இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுத் தோண்டாமல் திரும்பினார். மூன்று கிழமை பிந்தி, ஒரு காலை, முதல் கொடியில் ஒரு மொட்டு. பிறகு அடுத்ததில். கடைசியில் எண்ணிப் பார்த்தாள், முப்பத்தேழு. மூன்று போய்விட்டன.

மார்ச் அறுவடையில் அந்த வரிசை தந்தது ஒரே ஒரு கூடை. மற்றப் பழத்தோடு சேர்க்காமல் லூட்சே அதைத் தனியாகத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோனாள். கோழிக்குத்தான் போடப்போகிறார்கள் என்று வசந்தமலருக்கு நெஞ்சு எரிந்தது.

ஏப்ரல் விருந்துக்கு அவளைக் குடும்பத்தோடு கூப்பிட்டார்கள். இரத்தினசிங்கத்தார்தான் தன் வான் வண்டியில் ஏற்றிப்போனார். சாராயக் கொம்பனியைப் பார்க்க அவருக்கும் ஆசை. கொட்டகை நிறைய ஆட்கள். டிராகோ முதல் கிளாஸை நிரப்பினார். எல்லோரும் ஆன்டேயைப் பார்த்தார்கள். ஆன்டே இடுப்பைத் தடவிக்கொண்டு சிரித்தார். டிராகோ அவரைத் தாண்டி நடந்து வந்து வசந்தமலருக்கு முன்னால் நின்றார்.

"ஐயோ, பிள்ளை குடிக்காது!" என்று இரத்தினசிங்கத்தார் எழும்பினார்.

"தெரியும்" என்றார் டிராகோ. "இது வைன் இல்லை. அவளுடைய வரிசைப் பழம். லூட்சே சாறு பிழிந்து, காய்ச்சி, போத்திலில் அடைத்து வைத்தாள்." பிறகு அவளிடம், "நீ வெட்டிய மாதம் பிழை. வெட்டிய இடம் நாற்பது கொடியிலும் ஒன்றுகூடப் பிழையில்லை. ஒரு வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் குளிருக்குக் கத்தரி உனக்கு" என்றார்.

கிளாஸை இரண்டு கையாலும் வாங்கினாள். உரும்பிராயில்கூட அவள் அப்படித் தலை நிமிர்ந்து நின்றதில்லை. அத்தனை பேரும் பார்த்திருக்க, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். நாக்கால் ஒரு தரம் உதட்டைத் துழாவினாள்.

"இனிப்புக் காணாது" என்றாள் தன் இங்கிலீஷில். "இன்னும் நாலு நாள் கொடியிலேயே விட்டிருக்கவேண்டும்."

ஏரம்பமூர்த்தி தலையில் கைவைத்தார். டிராகோ கொட்டகை அதிரச் சிரித்தார். "அப்படியென்றால் அடுத்த வருடம் பிடுங்கும் நாளையும் நீதான் சொல்லவேண்டும்."

"ஓம்" என்று தலையாட்டிச் சம்மதித்தாள் வசந்தமலர், தமிழிலேயே.