ஆர்லிஸ் வாசலுக்கு எதிர்வாசல்

எங்கள் அரிசோனா பாலைவனத்தில் குளிர்காலத்துக்கு, உள்ளேயே சமைத்துத் தூங்கிக் குடியிருக்கும் வீட்டு வண்டிகள் முந்நூறாவது வந்து நிற்கும். அத்தனையும் கிழக்கே பார்த்துத்தான். வண்டிக்கு வாசல் வலப்பக்கம். கிழக்கே பார்த்து நிறுத்தினால் வாசல் தெற்கே வரும்; குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்தே போவதால் நாளெல்லாம் நாற்காலி போட்டு வெயில் காயலாம். இடப்பக்கம் இருக்கும் ஃபிரிட்ஜும் நிழலில் சூடேறாமல் இருக்கும். வேறு மாதிரி நிறுத்துகிறவனைப் பார்த்தால், புதுசு போல என்று சிரிப்போம்.

எமெட் புதுசு இல்லை. நெப்ராஸ்காவில் லாரி ஓட்டி ஓய்வு பெற்று, பதினோரு வருஷமாக வண்டியிலேயே குடியிருக்கிறவர். அதுவரை முகாமின் மறுகோடியில் நின்றிருந்தவர், போன ஜனவரியில் என் தோழி ஆர்லிஸின் வண்டிக்குத் தெற்கே வந்து மேற்கே பார்த்து நிறுத்தினார். அவர் வாசல் வடக்கே, அவள் வாசலுக்கு நேர் எதிரே. தன் வண்டி நிழல் அவள் நாற்காலி மேல் விழக்கூடாது என்று நாற்பதடி தள்ளி, காலால் அளந்து நிறுத்தினார். எங்களுக்குள் இப்படி வாசலுக்கு வாசல் வைப்பது ஒரே குடும்பம் என்று இருக்கிறவர்கள்தான். கேட்காமல் வைத்தால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயங்காலத்துக்குள் முகாம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். நெட்டியின் வாய் அப்படி என்று முகாமே சொல்லும்.

ஆர்லிஸுக்கு வயது அறுபத்தெட்டு. வடக்கு டகோடாவில் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவள். அவள் கணவர் லவெல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று இந்த வண்டியை வாங்கினார்கள். இரண்டு வருஷம் ஊர் ஊராகச் சுற்றினார்கள். அப்புறம் அவருக்குப் பக்கவாதம். அந்த ஒடுக்கமான வண்டிக்குள்ளேயே மூன்று வருஷம் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டாள். அவர் போனதும் மகள் ஒஹாயோவில் ஓர் அறையைத் தயார் பண்ணி வைத்துக் கூப்பிட்டாள். இவள் போகவில்லை. அதுவரை ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காதவள், அறுபத்திரண்டு வயதில் முப்பதடி வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டாள். கோடையில் ஆரெகான் காட்டு முகாமில் கழிப்பறை கழுவுவாள், குளிருக்கு இங்கே வந்துவிடுவாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

எமெட் வந்து நின்ற மறுநாள் நான் சும்மா இருப்பேனா?

"என்னடி, மாப்பிள்ளை வாசல்லயே வந்து நிக்கிறார்?"

"போடி நெட்டி. அவருக்கு வண்டி நிறுத்தத் தெரியல."

"லாரி ஓட்டுனவருக்கா?"

அவள் சிரிக்கவில்லை. காபியைக் கீழே வைத்தாள். "நல்ல மனுஷன்தான். ஆனா இன்னொருத்தரப் பார்த்துப் பார்த்துக் கடைசில புதைக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்லடி. ஒரு தடவை போதும்."

அவள் குவளையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன்.

அவரும் தொந்தரவு செய்யவில்லை. தினமும் காலையில் நிழலில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, எதிரே வெயிலில் இருக்கிறவளுக்குக் கை காட்டுவார். அவளும் காட்டுவாள். தண்ணீர் பிடிக்கப் போகும்போது அவள் கேனையும் எடுத்துப்போவார். மூன்று வாரம் இப்படியே போனது. மனிதர் இருமத் தொடங்கிவிட்டார்.

ஒருநாள் ஆர்லிஸ் ரொட்டி சுட்டு அவருக்குக் கொண்டுபோனாள். நானும் தொற்றிக்கொண்டேன். அவர் குவளையில் பால் இல்லாத கறுப்புக் காபி.

"போன மாசம் எங்கூட குடிச்சப்ப பாதிக் குவளை பால் ஊத்தினீங்களே?" என்றாள் ஆர்லிஸ்.

"இப்பல்லாம் இதுதான் பிடிக்குது" என்றார்.

"பொய்" என்றேன் நான். "வெயில் பக்கம் மாட்டிக்கிட்டு ஃபிரிட்ஜ் குளிரவே மாட்டேங்குது. மூணு வாரமாப் பாலைக் கொட்டிக்கிட்டிருக்கார். நான் பார்த்தேன்."

"உனக்கு வேற வேலையே இல்லையா நெட்டி?" என்று முறைத்தார்.

ஆர்லிஸ் ரொட்டியை அவர் மடியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

மறுநாள் காலை அவள் வெளியே போட்டிருந்த நாற்காலிகளை மடக்குவதைப் பார்த்தேன். பாய் சுருட்டியாயிற்று. ஆன்டெனா இறங்கியது, வண்டியைத் தாங்கிய கால்கள் உள்ளே போயின. ஓடப்போகிறாள், என் வாயால் வந்த வினை என்று நினைத்தேன். கிளம்புகிறவரை ஏன் என்று கேட்பது எங்களுக்குள் வழக்கம் இல்லை. எமெட்டும் கேட்கவில்லை. குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வண்டி நகர்ந்தது. முகாம் சாலைக்குப் போகவில்லை. எமெட்டின் வண்டியைச் சுற்றி வந்து, அவருக்குப் பக்கத்தில் நின்று ஹாரன் அடித்தது.

"பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தா எப்படி?" ஜன்னல் வழியாக ஆர்லிஸ் கத்தினாள். "வண்டிய எடுங்க. என் இடத்துல கிழக்கப் பார்த்துப் போடுங்க. நான் இங்க மேற்கப் பார்த்துப் போடறேன், வாசல் வாசலுக்கே இருக்கும்."

எமெட் எழுந்து நின்றார். "இங்க குளிரும் ஆர்லிஸ்."

"குளிரட்டும். இந்த மாசம் நிழல் எனக்கு, அடுத்த மாசம் உங்களுக்கு. எல்லா நாளும் நீங்க ஒருத்தரே நடுங்கணும்னு என்ன?"

அவர் குவளையைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு எழுபத்தி மூணு. உனக்கு முன்னாடி நான் போயிடுவேன். அது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றாள். "அதுவரைக்கும் காபில பால் ஊத்திக் குடிங்க. எடுங்க வண்டிய."