மேலக்கா இறங்கி வந்த நாள்

கட்டட வேலையிடத்தில் அவளுக்கு மேலக்கா என்று பெயர். நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேனின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கம்பிக்கட்டுகளைத் தூக்கி இறக்குவது அவள் வேலை. காலையில் பனிமூட்டம் கூரைகளை மூடிவிட்டால் அவளும் வானமும் மட்டும்தான். கீழே நின்று வாக்கிடாக்கியில் வழி சொல்லும் சிக்னல்காரரின் குரல், யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல வரும்.

நாற்பத்தொன்பது வயதில் மாதவிலக்கு முறை தப்பியது. இரண்டு மாதம் வராது. வந்தால் இருபது நாள் விடாது. நிற்கப்போகிற நேரத்தில் இப்படித்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மேலே கழிப்பறை கிடையாது. கறுப்புக் கால்சட்டை, இரட்டை நாப்கின், இருக்கையில் மடித்துப் போட்ட துண்டு.

ஏழு மாதம் ஓடியது. ஏணியில் பாதியிலேயே மூச்சு வாங்கியது. கண்ணாடிக்கு வெளியே ஊர் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல அசைந்தது; காதுக்குள் கடல் இரைந்தது. அந்த மிதப்பு அவளுக்குப் பிடித்தும் இருந்தது, அதுதான் வினை.

ஒரு நாள் கம்பிக்கட்டு அந்தரத்தில் தொங்கியபடி நின்றுவிட்டது.

"மேலக்கா, கேக்குதா?"

"கேக்குது. நீங்க எங்க நிக்கிறீங்கன்னுதான் தெரியல."

சிக்னல்காரர் குரலை உயர்த்தவில்லை. "அவசரமே இல்ல. கையை எடுத்துட்டு மூச்சு விடுங்க. எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டேன்."

பார்வை தெளிந்ததும் சுமையை இறக்கினாள். அவர் ஏறி வந்து, அவள் இறங்கும்போது விழாதபடி அவளுக்கு ஒரு படி கீழேயே இறங்கினார். இருக்கையில் கறை பட்டிருந்த துண்டை அவர் பார்த்துவிட்டிருந்தார். "என் வீட்டுக்காரியும் இப்படித்தான் பல்லைக் கடிச்சுட்டு இருந்தா. முதல்ல டாக்டரைப் பாருங்க."

"இந்த வயசுல முன்னபின்ன வரும்தான்," என்றார் டாக்டரம்மா. "ஆனா இப்படி நாள்கணக்காக் கொட்டறது அதுல சேர்த்தி இல்ல. உடம்புல ரத்தம் பாதிதான் இருக்கு."

ஸ்கேனில் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துத் தெரிந்தது. துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை பத்து நாள் தங்கை வீட்டு ஜன்னலோரம் படுத்து, திரைச்சீலை காற்றில் உப்பி அடங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புத்துநோயா இருந்தா?"

"இருந்தா வைத்தியம் பாப்போம். இப்ப சாப்பிடு," என்றாள் தங்கை. ஆனால் அவளும் சாப்பிடவில்லை.

புற்று இல்லை. சிறிது சிறிதாக ஹார்மோன் சுரக்கும் சின்னக் கருவி ஒன்றைக் கர்ப்பப்பைக்குள் பொருத்தினார்கள். இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்றினார்கள். சில வாரம் சொட்டுச்சொட்டாகப் பட்டு, பிறகு ஓய்ந்தது. மறுபடி வந்தால் தாமதிக்காமல் வரச் சொன்னார் டாக்டரம்மா.

வேலைக்குத் திரும்பிய அன்று எல்லோர் முன்னிலும் இன்ஜினியரிடம் சொன்னாள்: "எனக்கு ஏழு மாசம் ரத்தப்போக்கு இருந்துச்சு. இனி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கீழ இறங்குவேன்."

இன்ஜினியர் தரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

முதல் இடைவேளையில் பலகை அடுக்கின்மேல் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். பெயின்ட் அடிக்கிற அம்மா ஒருத்தி பக்கத்தில் வந்து நின்று, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எந்த டாக்டர்க்கா?"

மேலக்கா நகர்ந்து இடம் கொடுத்தாள்.