பிளக்கை அளக்க மறந்த சித்தி

என் சித்தி எதையும் நூல் பிடித்து அளக்காமல் வாங்க மாட்டாள். செருப்புக் கடைக்கே நூலோடு போகிறவள். மூடப்போகும் ஒரு பேக்கரியில் மாவு பிசையும் மெஷினைப் பார்த்ததும் அதன் அகலம், உயரம், எங்கள் வாசல், சமையலறை மூலை என்று எல்லாவற்றையும் அளந்தாள். பின்னால் சுருட்டிக் கட்டியிருந்த ஒயரை மட்டும் பார்க்கவில்லை.

ஒன்பது வருஷமாகக் கையால் பிசைந்து பன் சுட்டு விற்கிறாள். மணிக்கட்டு வீங்கிப்போய், "இனி ஒரு கிலோ மாவுகூடக் கையால பிசையக் கூடாது" என்று டாக்டர் கண்டித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஓர் ஆஸ்பத்திரி கேன்டீனிலிருந்து ஆர்டர். மறுநாள் காலை ஏழு மணிக்கு முந்நூறு பன். சொன்ன நேரத்தில் போனால் தினமும் ஆர்டர் அவளுக்கே. இல்லையென்றால் வேறு ஆளுக்கு.

அன்று மத்தியானம் மெஷின் வந்தது. நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்து மூலையில் கச்சிதமாக உட்கார வைத்தார்கள். சித்தி ஒயரைப் பிரித்தாள். பிளக் என் முஷ்டி அளவுக்கு இருந்தது. சுவரில் இருந்ததோ மிக்ஸிக்குப் போட்ட சின்ன பாயின்ட்.

விற்றவருக்கு போன் போட்டாள். அந்த மனிதர் மூக்காலேயே பேசுவார். "அதாங்க்கா, கடை மெஷின்னா கடை பிளக்குதான் வரும். நீங்க கேக்கவே இல்லையே?"

"இப்பக் கேக்குறேன்!"

"இப்ப வித்தாச்சேக்கா."

சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "ஒரு அடாப்டர்ல முடியற விஷயத்துக்கு ஊரைக் கூட்டுறா." இரண்டு அடாப்டர் வாங்கி வந்து ஒன்றின் தலையில் ஒன்றைச் செருகினார். மெஷின் அரைச் சுற்று சுற்றியது. கருகல் வாடை, ஒரு 'டப்'. ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் வாயை மூடிக்கொண்டன.

"பிளக் மாட்டுச்சா இல்லையா?" என்றார் சித்தப்பா, விடாமல்.

"மாட்டுச்சு. நாமதான் நல்லா மாட்டிக்கிட்டோம்" என்றாள் சித்தி.

எலக்ட்ரீஷியன் நாலு மணிக்கு வந்தார். நம்மிடம் பேச மாட்டார், சுவரைப் பார்த்துத்தான் பேசுவார். "மெஷினுக்கு ஒண்ணுமில்ல. பிளக்க மாத்துறது பத்து நிமிஷ வேல. ஆனா இந்தச் சுவத்துக்குள்ள ஓடுற ஒயரு மிக்ஸிக்கே திணறும். புதுசா இழுக்கணும். ரெண்டு நாள்."

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு பன் போகணுங்க!"

"சுவத்துக்கு அது தெரியாதுங்களே."

சித்தி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எலக்ட்ரீஷியன் மெஷின் முதுகில் கரன்ட் அளவு எழுதியிருந்த தகட்டை இன்னொரு தரம் படித்தார். "ஏசி இருக்கா?"

"பெட்ரூம்ல."

"அதுக்குத் தனி ஒயரு, தனி பிரேக்கர். இதைத் தாங்கும். ஏசிய கழட்டிட்டு இதை மாட்டலாம். எக்ஸ்டென்ஷன் கிக்ஸ்டென்ஷன்லாம் ஆகாது. மெஷின்தான் அங்க போகணும்."

பெட்ரூமில் கட்டில் போக ஓர் ஆள் நிற்கத்தான் இடம். சித்தி சட்டென்று எழுந்தாள்.

"கட்டிலப் பிடிங்க."

"அப்ப நான் எங்க படுக்கறது?" சித்தப்பாவுக்குக் குரல் கீச்சென்று போனது.

"உங்களுக்கென்ன, பிளக்கா இருக்கு? எங்க வேணாலும் படுங்க."