சருகுக்கு அடியில் கறையான்

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு யூனிட்டில் ஜெயசித்ராவுக்குச் செக்கிங் வேலை. மேசையில் ஓடும் வெள்ளைத் துணியில் ஒரு தூசி, ஒரு முடி கிடந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பதினாறு வருஷப் பழக்கம். சனிக்கிழமை வேலை முடிந்ததும் ராஜபாளையத்தில் பஸ் ஏறி, கூமாப்பட்டியில் அண்ணன் வீட்டு மாந்தோப்புக்குப் போய்விடுவாள். பையில் ஸ்டுடியோக்காரர் ஒருவர் கழித்துவிட்ட கேமரா இருக்கும். படம் எடுக்கக் கற்றதெல்லாம் போனில் வீடியோ பார்த்துத்தான்.

இந்தப் பங்குனியில் அவளுக்கு ஒரே ஒரு படம் வேண்டியிருந்தது. ஆறுமணிக்குருவி. குளிருக்கு வடக்கிலிருந்து வந்து, காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் விசிலடித்துவிட்டுப் புதருக்குள் மறைந்துவிடும் பறவை. இரண்டு வருஷமாக அவளிடம் சிக்கியது கட்டை வாலும் மங்கலான முதுகும்தான். கண்ணும் இறகின் ஓரமும் தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒரு படம் எடுத்தாக வேண்டும். நாள் அதிகமில்லை. வெயில் ஏறினால் குருவி போய்விடும். அதற்கு முன்பே, வருகிற செவ்வாய்க்கிழமை, மாங்காய்க் குத்தகைக்காரர் சுயம்புலிங்கம் ஆள் விட்டுச் சருகையெல்லாம் கூட்டித் தீ வைக்கப்போகிறார்.

குருவிக்குத் தீனி கறையான். அண்ணன் மனைவி ஆனந்தவல்லி கோழிக்குஞ்சுக்குப் பிடிக்கிற முறைதான். பழைய பானைக்குள் காய்ந்த சாணியும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, மண்ணில் கவிழ்த்து வைத்தால் விடியும்போது கறையான் அப்பிக் கிடக்கும்.

“என் குஞ்சுக வாயில மண்ணப் போட்டுட்டு, எங்கிருந்தோ வந்த குருவிக்கு விருந்து வைக்கியாக்கும்?”

“கையளவுதான் மதினி. மிச்சம் அம்புட்டும் உங்க குஞ்சுகளுக்குத்தான்.”

“மாப்பிள்ளை அழைப்பு தடபுடலாத்தான் இருக்கு. மாப்பிள்ளையத்தான் காணோம்.”

மதினி சொன்னது பொய்யில்லை. நான்கு ஞாயிறு ஆயிற்று. படத்தில் குப்பை விழக்கூடாது என்று தோப்பின் கீழ மூலையில் ஓரிடத்தைப் பெருக்கி, ஒற்றைச் சருகையும் விடாமல் பொறுக்கி எறிந்து, நடுவில் கறையானைத் தட்டிவிட்டு, பழைய சேலையைக் கட்டி அதன் மறைவில் உட்காருவாள். மைனா வரும். தவிட்டுக்குருவிகள் சண்டை போட்டுக்கொண்டு வரும். ஐந்து நிமிஷத்தில் கறையான் காலி. ஆறுமணிக்குருவி வேலியோரத்தில் கூப்பிடுவதோடு சரி.

கடைசி ஞாயிறு. அன்றும் பெருக்கிவிட்டு நிமிர்ந்தபோது பின்னால் சரசரப்பு கேட்டது. அவள் கூட்டி ஒதுக்கிய குவியலில் அந்தக் குருவி! அலகால் ஒரு சருகைப் புரட்டியது, அடியில் கொத்தியது, அடுத்த சருகைப் புரட்டியது. அவள் அசைந்ததும் போய்விட்டது.

கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தாள். செக்கிங் மேசையைத் துடைக்கிற கை தோப்பையும் துடைத்திருக்கிறது. சருகைப் புரட்டித் தின்கிற பறவைக்கு மொட்டைத் தரையில் என்ன வேலை?

குவியலை அள்ளி வந்து பழையபடி பரப்பினாள். கறையானைச் சருகுக்கு அடியில் அங்கங்கே தூவினாள்.

“ஏட்டி, கூட்டுன குப்பைய மறுபடி கொட்டுதியே, கிறுக்கு பிடிச்சிருச்சா?”

“செத்த நேரம் சத்தம் போடாம இப்படி வந்து உக்காருங்க மதினி.”

ஆனந்தவல்லியும் சேலை மறைவில் குந்தினாள். மைனா ஒன்று இறங்கி நடந்து பார்த்துவிட்டு, ஒன்றும் அகப்படாமல் பறந்துவிட்டது. பிறகு எட்டடி தூரத்தில் ஒரு சருகு புரண்டது. பச்சை முதுகு, தோளில் நீலம், கண் வழியாக ஓடும் கறுப்புப் பட்டை, வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு. ஜெயசித்ரா மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

படத்தில் கண்ணின் ஒளிப்புள்ளி தெரிந்தது. நெற்றி இறகை எண்ணலாம் போலிருந்தது. அலகில் பாதி கிழிந்த மாஞ்சருகு, காலடியெல்லாம் குப்பை. எதையும் வெட்டிவிட அவளுக்குத் தோன்றவில்லை.

“இது நம்ம தோப்புலயா இருக்கு?” ஆனந்தவல்லி கேமராவை விடவில்லை. “இருவது வருசமா இது சத்தத்தக் கேட்டுத்தான் அடுப்பு பத்த வைக்கேன். மூஞ்சிய இன்னைக்குத்தான் பாக்கேன்.”

“செவ்வாக்கெழம எரிச்சிருவாகள்ல?”

மதினி போனை எடுத்தாள். “சுயம்புலிங்கம் அண்ணாச்சியா? கீழ மூலையில மட்டும் தீ வைக்க வேண்டாம்... எதுக்கா? அங்க ஆளு குடியிருக்கு அண்ணாச்சி!”

அவர் நம்பவில்லை போலிருக்கிறது. “இருங்க, நேர்ல வந்தே காட்டுதேன்” என்று கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள் ஆனந்தவல்லி.

“மதினி, லென்சு மூடியப் போட்டுட்டுப் போங்க!” என்று கத்திக்கொண்டே ஜெயசித்ரா பின்னால் ஓடினாள்.